மேலை நான், கீழை கண்டுக்குட்டி

எனக்கு எழுபத்தாறு வயது நடக்குது. ஆறு பிள்ளையளை வளர்த்தனான். நாலு நான் பெத்தது, ரெண்டு என்ரை தங்கச்சி பெத்துப்போட்டுக் கண்ணை மூடினது. ஆறும் இண்டைக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆக்கள். மூத்தவள் மலர் ரீச்சராய் இருந்து பென்சன் எடுத்திட்டாள். அதிலை எனக்குப் பெருமை, மறைக்க மாட்டன். கலியாண வீட்டிலை, செத்த வீட்டிலை என்னைப் பற்றிக் கதை வந்தால், "அந்த மனுசி வீட்டிலை வைச்சே பிள்ளையளைப் படிப்பிச்சவா" எண்டுதான் சனம் சொல்லும். நான் ஓம் எண்டும் சொல்லுறதில்லை, இல்லை எண்டும் சொல்லுறதில்லை. வெத்திலையை மடிச்சு வாயிலை வைச்சுக்கொண்டு இருப்பன்.

அந்தக் கதையிலை இன்னொரு ஆள் இருக்கு. அவாவைப் பற்றித்தான் இதிலை எழுதுறன்.

அவா மலைநாட்டுப் பொம்பிளை. எழுபத்தேழுக் கலவரத்திலை தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எரிஞ்சுபோக, புருசனோடை லொறியிலை ஏறி வந்தவா. கண்டாவளைப் பக்கம் எங்கடை குடியேற்றத் திட்டத்திலை, என்ரை காணிக்கும் வாய்க்காலுக்கும் நடுவிலை கிடந்த துண்டிலை ஒரு கொட்டில் போட்டவா. ரெண்டு பேரும் ஊர் வயலுகளிலை கூலி வேலை செய்தவை. நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து காணி எடுத்த ஆக்கள். எங்களுக்கு ஒரு எண்ணம் இருந்தது, அவையை விட நாங்கள் மேலை எண்டு. அவாவுக்குத் தேத்தண்ணி குடுக்கிறதுக்கு ஒரு பழைய பேணியைக் குசினிக்கு வெளியாலை கவிட்டு வைச்சிருந்தனான். எழுத வெக்கமாய்த்தான் இருக்கு. எழுதாமல் விட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாய்ப் போயிடும்.

ஆள் கட்டை. கறுப்பு. எந்த வெய்யிலுக்கும் இடுப்பிலை ஒரு சாக்குத் துண்டு சுத்தியிருப்பா. தோட்டத்திலை கொழுந்து பறிக்கப் போற தாய்மார் தங்கடை குழந்தையளைக் காலமை கொண்டுபோய் விடுற அறையைப் பிள்ளைக் காம்பரா எண்டு சொல்லுறது. அதிலை கன வருசம் பிள்ளை பாத்தவா. அதாலை அவாவின்ரை மனுசன் அவாவை "ஆயா" எண்டு பகிடியாய்க் கூப்பிட, என்ரை பிள்ளையள் ஆயாம்மா எண்டு பிடிச்சுக்கொண்டுதுகள். ஊரும் அப்பிடியே கூப்பிட்டுது.

சும்மா நிக்கிற ஆளைக் கண்டால் ஆயாம்மாவுக்குக் கை பதறும். சோம்பேறியைக் கண்டு வாற கோவம் இல்லை அது. அந்த ஆளை ஆரோ மறந்து விட்டிட்டினம் எண்டு அவாவுக்குப் பரிதாபம் வரும். தேயிலை மலையிலை வேலை தொடங்கேக்கை ஆளுக்கொரு நிரை பிரிச்சுக் குடுப்பினமாம். நிரை எண்டால் ஒரு வரிசைச் செடி. கிழவிக்கும் ஒரு நிரை, நேற்று வந்த குமருக்கும் ஒரு நிரை. நிரை இல்லாமல் ஒருத்தர் வழியிலை நிண்டால் அது அந்த ஆளின்ரை பிழை இல்லை, பிரிச்சவரின்ரை பிழை எண்டுவா.

என்ரை மாமி செத்த அண்டு வீடு முழுக்கச் சனம். ஒருத்தருக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ஆயாம்மா வேலிப் படலையாலை வந்தா, ஒருக்கால் சுத்திப் பாத்தா. அழுகிற பொம்பிளையளை ரெண்டு பக்கமாய்ப் பிரிச்சு, ஒரு பக்கம் களைக்கேக்கை மற்றப் பக்கம் அழ விட்டா. பொடியளைத் தண்ணிக்கு அனுப்பி, மாமியைத் தானே குளிப்பாட்டினா. ஊர்ப் பதிவு பாக்கிற விதானையார் வெள்ளை வேட்டியோடை நடு முத்தத்திலை நிண்டார். அவரிட்டை ஒரு பூவரசந் தடியைக் குடுத்து, "ஐயா, நாயி உள்ளுக்கு வராம நீங்கதான் பாத்துக்கணும்" எண்டா. விதானையார் பின்னேரம் மட்டும் அந்தத் தடியைக் கீழை வைக்கேல்லை. பிறகு பொடியள் அவரை நாய் விதானை எண்டு கூப்பிட்டது வேறை கதை.

இனிப் பள்ளிக்கூடக் கதைக்கு வாறன்.

ஒரு கார்த்திகை மாதம் பள்ளிக்கூடத்திலை தாய் தகப்பனைக் கூப்பிட்டவை. எங்கடை மனுசன் வயலிலை, நான்தான் போனனான். ஒரு பேப்பரிலை கையெழுத்து வைக்கச் சொல்லிச்சினம். எனக்குத் தெரியாது. பெருவிரலை மையிலை தொட்டு வைச்சன். பட்டணத்திலை இருந்து புதுசாய் வந்த ஒரு ரீச்சர் அதைப் பாத்துச் சிரிச்சுப்போட்டுப் பக்கத்திலை நிண்டவாவுக்குச் சொன்னா, இதுகளின்ரை பிள்ளையளும் உப்பிடித்தான் வரும் எண்டு. மெல்லமாய்த்தான் சொன்னா. ஆனால் எனக்குக் காது நல்ல கூர்.

வகுப்பு வகுப்பாய்ப் போனன். அஞ்சு பிள்ளையளையும் எழுப்பினன், புத்தகப் பையைத் தூக்கெண்டன், கூட்டிக்கொண்டு வந்திட்டன். கடைசி, குட்டியனுக்கு அப்ப நாலு வயது, அவன் வீட்டிலை. இனி என்ரை பிள்ளை ஒண்டும் அந்தப் படி மிதியாது எண்டு முத்தத்திலை நிண்டு சொன்னன். எங்கடை மனுசன் கத்தினார், கும்பிட்டார், ஒரு கிழமை என்னோடை கதையாமலும் இருந்து பாத்தார். எனக்கு இளகேல்லை.

கடைசியிலை அவர் எனக்குச் சொல்லாமல் அதிபரிட்டைப் போனவர். அதிபர் நல்ல மனுசன். சின்னதுகள் எப்பவும் வரலாம் எண்டார். ஆனால் மலர் ஆறாம் வகுப்பு ஆண்டுச் சோதினையை விட்டிட்டாள். வருசம் முழுக்க வராமல் இருந்தால், அதுக்கு அடுத்த தையிலை அவரே அவளை இருத்திச் சோதிச்சுப் பாப்பாராம். தேறினால் தன்ரை வயதுப் பிள்ளையளோடை எட்டாம் வகுப்பு. தேறாட்டில் ஆறாம் வகுப்பு, தன்ரை தம்பிக்குப் பக்கத்திலை, ஒரே வாங்கிலை.

மலர் அதைக் கேட்டுப்போட்டு, தம்பியோடை இருக்கிறதெண்டால் தான் பள்ளிக்கூடமே போகேல்லை எண்டாள். வடலி மாதிரி நெடுநெடு எண்டு வளர்ந்த பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் வீம்புக்குச் சொன்னன், மலர் எட்டுக்குப் போற அண்டைக்குத்தான் மற்ற எல்லாம் போகும், ஆறும் ஒண்டாய்ப் போகும் எண்டு. சொல்லிப்போட்டு உள்ளுக்கை போய்ப் படுத்திருந்து அழுதனான். என்ரை ஒரு நாள் கோவத்திலை அவளின்ரை படிப்புத் தொங்கிக்கொண்டு நிக்குது. எனக்கோ அ எழுதத் தெரியாது.

ஆறும் ஆட்டுக்குப் பின்னாலை திரிஞ்சுதுகள். ரெண்டு மாதம் ஆயாம்மா வேலியாலை பாத்துக்கொண்டே இருந்திருக்கிறா. தை முடிய ஒரு நாள் வந்து பேணியைத் தானே எடுத்துக் கழுவித் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டுக் கேட்டா.

"அக்கா, உங்க சூட்டுக்களத்த எனக்கு ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

"களம் உனக்கு ஏன்?"

"புள்ளைங்களுக்கு நிரை பிரிக்கணும். வீட்டு முத்தம் பத்தாது. ஒரு வருசம் பெரிசுல்ல."

எங்கடை ஆக்கள் களத்திலை நெல்லுக் கிடக்கேக்கை பொம்பிளையள் காலடி வைக்கிறதில்லை. எங்கடை மனுசன் முகத்தைச் சுளிச்சார். அது அவாவுக்கு விளங்கீட்டுது. சூடடிச்சு முடிஞ்சு கடைசி மூட்டை வண்டிலிலை ஏறுமட்டும் மூண்டு நாள் களத்துக்கு வெளியாலை வரம்பிலை குந்தியிருந்தவா. மூட்டை போனதுதான் தாமதம், சுளகு நிறையச் சாம்பலோடை உள்ளுக்கை இறங்கினா.

மாடு மிதிச்சு இறுகின களிமண் தரை, பீங்கான் மாதிரிக் கிடந்தது. அதிலை சாம்பலாலை கோடு இழுத்துப் பன்னிரண்டு பெட்டி கீறினா. ஒவ்வொரு பெட்டியும் ஒரு மாதம், பாய் விரிக்கிற அளவு. பிறகு என்னைக் கேட்டா, எந்த மாதம் எங்களுக்குக் கை ஒழியாது எண்டு. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெட்டியிலை வைக்கோலைப் பரப்பினா. பங்குனியிலை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு நடந்து போறது. சித்திரையிலை சிறுபோக விதைப்பு. ஆடியிலை கதிர் காவல். ஆவணி வெட்டு. புரட்டாதியிலை கிணறு வத்தினால் வாய்க்கால் கட்டுக்குத் தண்ணிக்குப் போறது. ஐப்பசி காலபோக விதைப்பு. கார்த்திகையிலை மழையும் காய்ச்சலும். முடியேக்கை களம் முழுக்க வைக்கோல். அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டாய்க் கொஞ்ச இடம்தான் தரை தெரிஞ்சுது.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இதுக்குத்தானோ மூண்டு நாள் குந்தியிருந்தனி, படிக்க நாளே இல்லையே எண்டன்.

அவா சிரிக்கேல்லை. ஆடிப் பெட்டியடியிலை குந்தினா. கதிர் காவலிலை பொடியள் என்ன செய்யிறதெண்டு கேட்டா. பரணிலை இருந்து குருவி கலைக்கச் சத்தம் போடுங்கள் எண்டன். "சத்தம் என்னா சத்தமா இருந்தா என்ன? வாய்ப்பாடு சொல்லட்டும்" எண்டு ஒரு கை வைக்கோலை அள்ளி வெளியிலை எறிஞ்சா. புரட்டாதியிலை தண்ணிக்கு நடக்கேக்கை வாய் சும்மாதானே, அதிலை செய்யுள் பாடமாக்கிறது. இன்னொரு கை வைக்கோல் போச்சுது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்திலை இருக்கிற பிள்ளை அதுக்குக் கதை வாசிக்கிறது. விதைப்பு நாளிலை எத்தினை புசல் விதை எத்தினை ஏக்கருக்கு எண்டு கணக்குப் பாக்கிறது. இப்பிடியே ஒவ்வொரு பெட்டியாய்க் குனிஞ்சு குனிஞ்சு அள்ளினா. பொழுது சாயேக்கை பொங்கல் பெட்டியிலை மட்டும்தான் வைக்கோல் கிடந்தது. அதை எடுக்கேல்லை. சாமிக்கிட்ட நிரை வைக்கக்கூடாது எண்டா.

பிறகுதான் பிள்ளையளைக் கூப்பிட்டா. வருசத்தின்ரை குறுக்காலை ஆறு கோடு. ஆறு பேரையும் வயதுப்படி நிறுத்தினா. சட்டம் ஒண்டே ஒண்டு. காலமை தான் படிச்சதை ஒவ்வொரு பிள்ளையும் பொழுதுபடமுன்னம் தனக்குக் கீழை நிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கோணும். கீழை நிக்கிறது அதைத் திருப்பிச் சொல்லோணும். மலர் தம்பிக்கு, தம்பி என்ரை தங்கச்சியின்ரை மூத்ததுக்கு, அது இளையதுக்கு, அது என்ரை சின்ன மகளுக்கு, அவள் குட்டியனுக்கு.

குட்டியன் அழத் தொடங்கீட்டான். தனக்குக் கீழை ஒருத்தரும் இல்லையாம். அவா சுத்திப் பாத்தா. பட்டியடியிலை எங்கடை சிவத்தப் பசுவின்ரை கண்டு நிண்டது. "அந்தா நிக்குதுல்ல ஒன் ஆளு. அதுக்கு ஒண்ணும் தெரியாது பாவம், நீதான் சொல்லிக் குடுக்கணும்" எண்டா. அண்டு தொடங்கி அவன் அந்தக் கண்டுக்கு ஆனா ஆவன்னா சொன்னதை நீங்கள் பாத்திருக்கோணும். அது தலையை ஆட்டினால் விட மாட்டான், காதைப் பிடிச்சுத் திருப்பியும் சொல்லுவான்.

எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிக்கேக்கை மலர் கேட்டாள், அப்ப நான் ஆருக்குச் சொல்லுறது, தம்பிக்குச் சொல்லுறது சின்ன வகுப்புப் பாடம்தானே, என்ரை பெரிய பாடத்தை ஆர் கேக்கிறது எண்டு. கெட்ட கேள்வி. ஆயாம்மா அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சவா. எங்கடை மனுசன் மூண்டு. அவா நிமிர்ந்து என்னைப் பாத்தா.

"நீங்கதான் மேல நிக்கணும் அக்கா."

எனக்கு முகம் சுட்டுது. என்னை வைச்சுப் பகிடி பண்ணுறா எண்டு நினைச்சன். "எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு ஊருக்கே தெரியும். நீயும் சிரிக்கப் போறியோ?"

"சிரிக்கலக்கா. படிச்சவங்க மேல நின்னா, புள்ள பாதி சொல்லும்போதே மீதிய அவங்களே மனசுல நெரப்பிக்குவாங்க. ஒங்களுக்கு நெரப்ப ஒண்ணும் கெடையாது. முழுசாச் சொன்னாத்தான் வெளங்கும். வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான் ஒங்க வேல."

ரெண்டு நாள் நான் அவாவோடை கதைக்கேல்லை. மூண்டாம் நாள் பின்னேரம் மலர் புத்தகத்தோடை வந்து எனக்கு முன்னாலை பாயிலை இருந்தாள். நான் எழும்பிப் போகேல்லை. மேலை நான், கீழை கண்டுக்குட்டி. அப்பிடித்தான் எங்கடை வருசம் தொடங்கினது.

பெரிய வகுப்புப் புத்தகங்களை ஆயாம்மாதான் தேடிப் பிடிச்சா. களை பிடுங்கப் போற வீடுகளிலை பிள்ளையள் படிச்சு முடிச்ச புத்தகங்களைக் கேட்டு, மழைக்கு நனையாமல் இடுப்புச் சாக்கிலை சுத்திக் கொண்டு வருவா. ஆனால் அவா ஒரு பிள்ளைக்கும் பாடம் சொல்லி நான் காணேல்லை. வேலையாலை வந்து கைகால் கழுவிப்போட்டு நிரை நிரையாய் நடப்பா. எந்தப் பிள்ளை கேக்க ஆளில்லாமல் நிக்குது எண்டு மட்டும்தான் பாப்பா. ஏழெட்டு எத்தினை எண்டு ரெண்டு பேர் அடிபட்டால் தீர்ப்புச் சொல்ல மாட்டா. ஏழு ஏழாய் எட்டுக் குவியல் புளியங்கொட்டை வைக்கச் சொல்லிப்போட்டுப் போயிடுவா.

ஆடியிலை எங்கடை வயலாலை போற ஆக்கள் நிண்டு கேப்பினம். பரணிலை இருந்து மலரின்ரை தம்பி "ஆறேழு நாப்பத்திரண்டு" எண்டு கத்த, கிளிக் கூட்டம் எழும்பும். மற்றப் பரணிலை இருந்து தங்கச்சியின்ரை பொடியன் "ஆறெட்டு நாப்பத்தெட்டு" எண்டு கத்த, அங்கை போன கிளி திரும்பி வரும். ஒரு கிழவனார் எங்கடை மனுசனைக் கேட்டாராம், உன்ரை வயலிலை குருவிக்கும் வகுப்பு நடக்குதோ எண்டு. அந்த வருசம் எங்கடை நெல்லிலை குருவி தின்னது குறைவு. உண்மையாய்.

அதுக்கு முன்னம் ஆனியிலை நடந்ததைச் சொல்லோணும். அண்டைக்குத்தான் ஆயாம்மாவை ஒரே ஒருக்கால் கோவத்திலை கண்டனான்.

பொழுது பட்டு மேற்கிலை சிவப்பு மாறாத நேரம். மலர் நிலாப் பாடம் சொன்னாள். நிலவு ஏன் தேயுது, பூமியின்ரை நிழல் அதிலை விழுகிறதாலை தேயுது எண்டாள். ஒரு சொல்லும் விழுத்தாமல் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். எனக்குள்ளை ஏதோ இடிச்சுது. ஆனால் புத்தகத்திலை உள்ளது, நான் என்னத்தைக் கண்டன். அதோடை அந்தக் கிழமை அஞ்சாறு தரம் விளங்கேல்லை எண்டு சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. ஒவ்வொரு தரமும் பிள்ளை ஒரு மூச்சு விடுவாள், அது ரீச்சரின்ரை சிரிப்பு மாதிரிக் கேக்கும். ஓம் பிள்ளை, விளங்குது எண்டு தலையாட்டினன். அவள் துள்ளிக்கொண்டு போனாள்.

ஆயாம்மா கிணத்தடியிலை கால் கழுவிக்கொண்டு நிண்டவா. பிள்ளை போகுமட்டும் பாத்திட்டு வந்து, என்னக்கா வெளங்குச்சு எண்டு கேட்டா. நான் அதே சொல்லைச் சொன்னன். அவா என்ரை தோளைப் பிடிச்சு மேற்கை பாக்கத் திருப்பினா. முதல் முதல் என்னைத் தொட்டது அண்டைக்குத்தான். சூரியன் இறங்கின இடத்துக்குச் சரி மேலை, நகம் வெட்டின மாதிரி மூண்டாம் பிறை.

"சூரியன் அந்தப் பக்கம். நெலாவும் அந்தப் பக்கம். நம்ம இங்கிட்டு நிக்கிறோம். நம்ம நெழலு அங்க எப்புடிக்கா போச்சு?"

எனக்குத் தலையிலை அடிச்ச மாதிரி இருந்தது. வயலாலை வாற பாதையிலை அந்தப் பிறையை எத்தினை வருசம் பாத்திருப்பன். என்னை இடிச்சது அதுதான். எனக்கும் பட்டது, பேசாமல் விட்டிட்டன் எண்டு சொன்னன். அதுக்குத்தான் கோவம் வந்தது.

"பட்டுச்சுல்ல? அப்ப ஏன் தல ஆட்டுனீங்க? டீச்சரம்மா சிரிச்சதுக்கு ஆறு புள்ளைய வீட்டுல வச்சிருக்கீங்க. இப்ப மக முன்னால வெக்கப்பட்டு அந்தப் புள்ளைக்கே வெனை வைக்கிறீங்க. ஒங்க நிரையில நீங்க நிக்கலக்கா."

சொல்லிப்போட்டுப் போயிட்டா. தேத்தண்ணிக்கும் நிக்கேல்லை.

அடுத்த நாள் மலரை இருத்தி, எனக்கு விளங்கேல்லை பிள்ளை எண்டன். நேற்று விளங்குதெண்டீங்களே எண்டாள். நேற்றுப் பொய் சொன்னனான் எண்டன். அவள் என்ரை முகத்தைப் பாத்த பார்வை இப்பவும் நினைவிருக்கு. பிறகு மேற்கிலை பிறையைக் காட்டினன். பிள்ளை புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சாள். கிரகணத்துக்குச் சொல்லியிருந்ததை இதோடை சேத்து வாசிச்சிருக்கிறாள். ரெண்டு பின்னேரம், ஒரு விளக்கு, ஒரு குரும்பை. குரும்பையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு என்னைச் சுத்தி நடந்தாள், வெளிச்சம் பட்ட பக்கம் கூடுறதும் குறையிறதும் எனக்குத் தெரியுமட்டும். அதுக்குப் பிறகு நான் ஒருநாளும் மலருக்குச் சும்மா தலையாட்டேல்லை. அவளும் மூச்சு விடுறதை விட்டிட்டாள். அவள் வாசிக்கிற இடத்தை விரலாலை தொட்டுக் காட்டச் சொல்லிச் சொல்லி, எனக்கும் எழுத்து ஒவ்வொண்டாய்ப் பிடிபட்டது. அதை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, தானாய் ஒட்டினது.

ஆவணியிலை வெட்டு நடக்கேக்கை ஆயாம்மா அரிவாளும் கையுமாய் வந்து சொன்னா, தோட்டத்து ஆக்களை இந்தியாவுக்கு அனுப்புற கப்பலுக்கு நாள் வந்திட்டுதெண்டு. அவைக்கு இந்தியாப் பாஸ்போட் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். ஒரே மகன் முன்னமே அங்கை போயிட்டானாம். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறோணும். உனக்கு இது எப்ப தெரியும் எண்டு கேட்டன். போன வருசமே எழுதிக் குடுத்தது, எப்ப கூப்புடுவாங்கன்னுதான் தெரியாம இருந்துச்சு எண்டா.

அதுதான் தன்னைக் களத்திலை ஒரு நிரையிலையும் நிறுத்தேல்லை. பிறகு யோசிச்சுப் பாத்தால் எல்லாம் சரியாய் வருது. அவா இல்லாட்டிலும் நடக்கிற மாதிரித்தான் முழுவதையும் பிரிச்சிருந்தவா.

போற அண்டு காலமை வந்தவாவுக்கு வீட்டுக்குள்ளை கதிரை போட்டு, கிளாசிலை தேத்தண்ணி குடுத்தன். அவா அதைக் கவனிச்ச மாதிரிக் காட்டிக்கொள்ளேல்லை. சின்ன மகளுக்கு எழுத்துச் சாயுது, குட்டியன் கண்டுக்குச் சொல்லுறதைக் குறைச்சுக்கொண்டு வாறான், கண்டு வளர்ந்திட்டுது, அவனுக்கு வேறை ஆள் பாக்கோணும் எண்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தா. போய்ச் சேந்து ஒரு கடுதாசி போடெண்டன். போடுறேங்க்கா எண்டா. பிள்ளையள் ஆறும் லொறிக்குப் பின்னாலை வாய்க்கால் கட்டு மட்டும் ஓடினதுகள்.

கடுதாசி வரேல்லை. வந்திருந்தாலும் பிறகு சண்டைக்கு நாங்கள் இடம் மாறி இடம் மாறி ஓடின ஓட்டத்திலை ஆரின்ரை கையிலை போச்சுதோ.

மிச்ச நாலு மாதமும் நான்தான் பின்னேரத்திலை நிரை நிரையாய் நடந்தன். பெருமைக்குச் சொல்லேல்லை, நல்லாய்த்தான் நடந்தது.

தை பிறந்து பள்ளிக்கூடம் துவங்கின அண்டு ஆறையும் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனன். அதிபர் மலரைத் தன்ரை மேசைக்கு முன்னாலை இருத்தினார். நாங்கள் வாசலிலை நிண்டம். அந்த ரீச்சரும் உள்ளுக்கை இருந்தவா. வாசிக்கச் சொன்னார், கணக்குக் குடுத்தார், எழுதச் சொன்னார். பிறகு வாயாலை கேக்கத் தொடங்கினார். அவள் ஒவ்வொண்டையும் எனக்குச் சொல்லுற மாதிரி அடியிலை இருந்து நுனி மட்டும் சொன்னாள். ஒரு இடத்திலை அதிபர் காணும் எண்டு கையைக் காட்ட, இன்னும் முடியேல்லை சேர் எண்டாள். அவர் பேனையை வைச்சிட்டு இருந்து கேட்டார். முடிவிலை, எட்டாம் வகுப்பு எண்டு சொன்னார். குட்டியன் வெளியிலை நிண்டு கை தட்டினான்.

அதிபர் ஒரு பத்திரத்தை எடுத்து எழுதிக்கொண்டு கேட்டார், ஒரு வருசமாய் இந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சது ஆர் எண்டு.

மலர் திரும்பி என்னைப் பாத்தாள். "அம்மா" எண்டாள்.

அவள் பொய் சொல்லேல்லை. அவளின்ரை நிரைக்கு மேலை நிண்டது நான்தானே. அதைக் கேட்டு அந்த ரீச்சர் எழும்பித் தன்ரை கதிரையை என்ரை பக்கம் தள்ளி, இருங்கோ அம்மா எண்டா. அந்தச் சொல்லை நான் ஒரு வருசமாய்க் கனவிலை கேட்டனான். இருந்தன்.

"உங்கடை பேரையே போடட்டோ?" எண்டு அதிபர் கேட்டார்.

இல்லை, அது இன்னொரு ஆள் எண்டு சொல்ல வாயைத் திறந்தனான். சத்தியமாய்த் திறந்தனான். ஆர் எண்டு கேட்டால் ஒரு பேர் சொல்லோணும். ஆயாம்மா எண்டு பத்திரத்திலை எழுதேலாது. நாலு வருசத்துக்கு மேலை வேலிக்கு அங்காலை இருந்த மனுசி. என்ரை மாமியைக் குளிப்பாட்டினவா, என்ரை பிள்ளையளின்ரை வருசத்தைச் சாம்பலாலை கீறினவா. அவாவின்ரை பேரை நான் ஒருநாளும் கேக்கேல்லை.

"ஓம், போடுங்கோ" எண்டன்.

வீட்டை வந்து எங்கடை மனுசனைக் கேட்டன். பக்கத்து வயல்காரரைக் கேட்டன். விதானையாரிட்டையும் போய்க் கேட்டன். அவர் கொப்பியைப் புரட்டி, அவாவின்ரை புருசனின்ரை பேரைச் சொன்னார், அதுக்குக் கீழை மனைவி எண்டுதான் கிடந்தது. ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஆறு பிள்ளையளுக்கும் தெரியேல்லை. அதுகளைக் குறை சொல்லேலாது, கேக்கோணும் எண்டு நான்தான் பழக்கியிருக்கோணும்.

இவ்வளவுதான். நாலு கிழமையாய் எழுதினது, எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். பிள்ளை, இஞ்சை வா, இந்தக் கொப்பியைப் பிடி. முதல்லை இருந்து வாசி. உன்ரை அம்மா மலர் குசினிக்கை நிக்கிறாள், அவளுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமாய் வாசி. நான் கண்ணை மூடினால் நித்திரை எண்டு நினைச்சு நிப்பாட்டிப் போடாதை, கேட்டுக்கொண்டுதான் இருப்பன்.